வெந்நீரும் கைக்கடிகாரமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பின் பிற்பகல் அமர்வில், 1981–84 இயற்பியல் வகுப்பு நண்பர் ஒருவர் ஆற்றிய உரை. பேசிய நடையிலேயே பெரும்பாலும் தரப்படுகிறது.)



போன மாதம் செயலாளர் போன் செய்து, "ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் ஒருத்தர் தன் தொழிலைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசணும், உங்க வகுப்புக்கு நீதான்" என்றார். எங்கள் வகுப்பில் விஞ்ஞானி இருக்கிறார், வங்கி மேலாளர்கள் இருக்கிறார்கள், ஒரு தாசில்தார்கூட இருக்கிறார். அடியேனோ வாட்ச் ரிப்பேர் செய்கிறவன். "நான் என்னய்யா பேசறது?" என்று கேட்டேன். "உன் கடைக்கு வர்றவங்க அதிகமாக் கேக்கிற கேள்விக்குப் பதில் சொல்லு, போதும்" என்றார்.

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி, "எப்போ ரெடியாகும்?" என்பதுதான். அதற்கு நாற்பது வருஷமாக நான் சொல்லிவரும் பதில், "நாளைக்கு." அந்தப் பதிலை இங்கே விளக்கப் போவதில்லை. இரண்டாவது இடத்தில் இருக்கும் கேள்வி, "இதைக் கட்டிக்கிட்டே குளிக்கலாமா?" என்பது. இன்றைக்கு அதை எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால், அந்தக் கேள்விக்கு நான் ஒருமுறை தப்பான பதில் சொல்லியிருக்கிறேன். சொன்ன இடம் இந்த வளாகம்தான். அதனால் பாதிக்கப்பட்டவர் உங்களில் பாதிப் பேருக்குச் சோறு போட்டவர்.

விடுதியில் இருந்தவர்களுக்கு நம் மெஸ் மாஸ்டரை மறந்திருக்காது. விடியற்காலை நாலு மணிக்கு அடுப்புப் பற்றவைத்து, ஏழு மணிக்குள் இருநூறு பேருக்கு இட்லி இறக்கி வைப்பார். மெஸ்ஸில் இருந்த சுவர்க் கடிகாரம் தன் இஷ்டத்துக்கு ஓடும். அதனால் அந்தப் பக்கம் யார் போனாலும், "தம்பி, மணி என்ன?" என்று கேட்பார். பரீட்சைக் காலத்தில், "மாஸ்டர், நாலரைக்கு எழுப்பி விடுங்க" என்று சொல்லிவிட்டுப் படுப்போம். கையில் கடிகாரம் இல்லாத மனிதர்தான் எங்களை நேரத்துக்கு எழுப்பிவிட்டார்.

1984இல் கடைசி ஆண்டு முடிந்து பிரிவு உபசாரம் நடந்தபோது, ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு அவருக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கினோம். சாவி கொடுத்து ஓடுகிற வாட்ச். வாங்கி வரும் பொறுப்பு என்னுடையது. என் தாய்மாமன் ஊரில் வாட்ச் கடை வைத்திருந்ததால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நண்பர்கள் நினைத்தார்கள். நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன். வாட்சின் பின்மூடியில் தண்ணீரைத் தாங்கும் என்று பொறித்திருந்தது. கடைக்காரரும் தலையை ஆட்டினார். மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

எல்லோர் முன்னிலையிலும் அதை மாஸ்டர் கையில் கட்டிவிட்டு, "மாஸ்டர், இது வாட்டர்புரூஃப். இனிமே கழட்டவே வேண்டாம்" என்றேன். கைதட்டினார்கள். அவர் அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டார்.

இப்போது அந்த வார்த்தையைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். தண்ணீர் புகாத கைக்கடிகாரம் என்றால் உலகத்துக்கு நினைவுக்கு வருவது ரோலெக்ஸ் ஆய்ஸ்டர். 1926இல் வந்தது. அடுத்த வருஷம் அக்டோபரில் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி இங்கிலீஷ் கால்வாயை நீந்தப் போனபோது, இந்த வாட்ச் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனார். பத்து மணி நேரத்துக்கும் மேலாக நீந்தினார். குளிர் தாங்காமல் அவரைப் படகில் தூக்க வேண்டியதாயிற்று. வாட்ச் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நவம்பரில் லண்டன் பத்திரிகையின் முதல் பக்கம் முழுக்க விளம்பரம் வந்தது. அன்று முதல் தண்ணீருக்கும் வாட்சுக்கும் உள்ள விவகாரத்தை நாம் ஆழத்தை வைத்தும் நேரத்தை வைத்தும் அளக்கிறோம். ஆனால் அந்தப் பெண்மணி நீந்தியது உடம்பை விறைக்க வைக்கும் குளிர்ந்த தண்ணீரில் என்பதைக் கவனியுங்கள். நம் வீட்டு வாளியில் இருப்பது வெந்நீர்.

வாட்சின் முதுகில் 30 மீட்டர், 50 மீட்டர், 100 மீட்டர் என்று எழுதியிருக்கும். 3 பார், 5 பார், 10 பார் என்றும் போடுவார்கள். பத்து மீட்டர் ஆழத்துக்கு ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் என்பது நாம் படித்ததுதான். ஆக, அது அழுத்தத்தைச் சொல்லும் எண். 30 மீட்டர் என்று எழுதியிருந்தால் மழை, கை கழுவுதல் போன்றவற்றைத் தாங்கும் என்று பொருள் கொள்ளுங்கள். 30 மீட்டர் கிணற்றில் குதிக்கலாம் என்று அர்த்தமில்லை. உலகத் தர நிர்ணய அமைப்பு 2010இல் வெளியிட்ட ஐ.எஸ்.ஓ. 22810 என்ற விதியிலும் 'தண்ணீரைத் தாங்கும்' என்ற சொல்தான் உண்டு.

அந்த விதியில் சூட்டுக்கும் சோதனை இருக்கிறது, இல்லாமல் இல்லை. 10 சென்டிமீட்டர் ஆழத்தில், 40 டிகிரி தண்ணீரில் ஐந்து நிமிஷம், 20 டிகிரியில் ஐந்து நிமிஷம், மறுபடி 40இல் ஐந்து நிமிஷம் வைப்பார்கள். பிறகு வாட்சை 40 முதல் 45 டிகிரி சூடுள்ள தகட்டின்மேல் வைத்து, கண்ணாடியில் ஒரு சொட்டுக் குளிர்ந்த நீர் விடுவார்கள். ஒரு நிமிஷம் கழித்துத் துடைத்துவிட்டு, உள்பக்கம் பனி பிடித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அவ்வளவுதான். சோதனைக்குப் போவது ஃபாக்டரியிலிருந்து வரும் புது வாட்ச். சனிக்கிழமை சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, அண்டா வெந்நீரில் பத்து வருஷம் குளித்த வாட்சை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. கொதிக்கும் இட்லிப் பானையின் ஆவிக்கு அந்த விதியில் சோதனையே கிடையாது.

சரி, வெந்நீர் அப்படி என்னதான் செய்துவிடும்? வாட்சுக்குள் தண்ணீர் போகாமல் காப்பது ரப்பர் வளையங்கள். கேஸ்கெட் என்போம். பின்மூடியில் ஒன்று, சாவித் தண்டில் ஒன்று, பல வாட்சுகளில் கண்ணாடியைச் சுற்றி ஒன்று. சூடு பட்டால் ஸ்டீல் விரியும், கண்ணாடி விரியும், ரப்பரும் விரியும். ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு. பழைய எச்.எம்.டி. போன்ற வாட்சுகளில் இருக்கும் பிளாஸ்டிக் கண்ணாடி, ஸ்டீலைப் போல் நாலு மடங்குக்கும் மேல் விரியும். விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கி, ரப்பர் கெட்டிப்பட்டு மட்டையாகிவிடும். பழைய வாட்சைத் திறந்தால் சில சமயம் கேஸ்கெட் தார் மாதிரி ஒட்டிக்கொண்டு வரும்.

இனி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் வெப்பவியல் ஐயா கொஞ்சம் கவனிக்க வேண்டும், தப்பு இருந்தால் திருத்த வேண்டும். மூடிய பாத்திரத்தில் இருக்கும் காற்றைச் சூடாக்கினால் அழுத்தம் கூடும். 27 டிகிரி என்பது 300 கெல்வின். 45 டிகிரி என்பது 318. ஆக, அழுத்தம் 6 சதவீதம் ஏறுகிறது. இது பெரிய அழுத்தம் இல்லை, வாட்ச் ஒன்றும் வெடித்துவிடாது. ஆனால் கேஸ்கெட் தளர்ந்திருந்தால், உள்ளே இருக்கும் காற்றில் கொஞ்சம் வெளியே கசிந்துவிடும். குளித்து முடித்ததும் கடைசியாக ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறோமே, அப்போது என்ன ஆகும்? உள்ளே இருக்கிற காற்று குளிர்ந்து சுருங்கும், அழுத்தம் குறையும். வெளியே போன காற்றுக்குப் பதிலாக வெளியிலிருந்து எதையாவது இழுக்கும். வெளியே இருப்பதோ சோப்புத் தண்ணீரும், ஆவி நிறைந்த குளியலறைக் காற்றும். சுருங்கச் சொன்னால், வாட்ச் மூச்சு விடுகிறது. சூட்டில் மூச்சை வெளியே விடும், குளிரில் ஈரத்தை உள்ளே இழுக்கும்.

சோப்பு தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் என்பதும் நாம் படித்ததுதான். வெறும் தண்ணீர் நுழையத் தயங்கும் சந்திலும் சோப்புத் தண்ணீர் நுழையும்.

காற்று விஷயத்துக்கு வருவோம். ஈரம் நிறைந்த 40 டிகிரிக் காற்றில், ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 51 கிராம் நீராவி இருக்கும். அதே காற்றை 20 டிகிரிக்குக் கொண்டுவந்தால் 17 கிராம்தான் ஆவியாக நிற்கும். மிச்சம் எங்கே போகும்? இருப்பதில் எது குளிர்ச்சியாக இருக்கிறதோ அதில் படியும். வாட்சில் அது பெரும்பாலும் கண்ணாடி. "வீட்டில் நல்லாத்தாங்க இருக்கு, ஏசி கார்ல ஏறினா மட்டும் பனி பிடிக்குது, கொஞ்ச நேரத்தில் தானா சரியாயிடுது" என்று வருவார்கள். சரியாகவில்லை ஐயா. தண்ணீர் கண்ணாடியை விட்டு மறுபடி ஆவியாகியிருக்கிறது, வாட்சை விட்டுப் போகவில்லை. அது அடுத்து உட்காரும் இடம் ஸ்டீல் ஸ்பிரிங்கும் திருகாணியும். பேட்டரி வாட்சாக இருந்தால் முடியைவிட மெல்லிய செம்புக் கம்பிச் சுருள்.

நீராவி இதைவிடக் கடுமையானது. கொதிக்கிற தண்ணீர் ஒரு கிராம், 100 டிகிரியிலிருந்து 40க்கு ஆறினால் விடுவது 60 கலோரி. ஒரு கிராம் நீராவி தண்ணீராக மாறும்போதே ஏறக்குறைய 540 கலோரி விடுகிறது. உள்ளுறை வெப்பம்! இட்லிப் பானை மூடியைத் திறக்கும்போது ஆவி முதலில் தேடிப்போய் உட்காருவது கையிலுள்ள குளிர்ந்த உலோகத்தின்மேல்தான். வாட்ச் மட்டுமில்லை, செயினும் சூடேறிக் கையைச் சுடும்.

பாருங்கள், இவ்வளவையும் நான் மூன்று வருஷம் படித்திருக்கிறேன். வாயு விதிகளுக்குப் பத்து மார்க் கேள்வி, உள்ளுறை வெப்பத்துக்குப் பரிசோதனை. இரண்டையும் எழுதி நல்ல மார்க்கும் வாங்கிவிட்டேன். அதே மாதத்தில், ஆவியில் நிற்கிற மனிதரைப் பார்த்து, "கழட்டவே வேண்டாம்" என்றும் சொன்னேன். படிப்பு விடைத்தாளோடு நின்றுவிட்டது.

பிறகு நடந்ததைச் சொல்கிறேன். வேலைக்கு மனுப் போட்டுப் போட்டு அலுத்து, மாமா கடையில் உட்கார்ந்து தொழில் கற்றுக்கொண்டேன். 1989இல் பட்டச் சான்றிதழில் இருந்த ஒரு எழுத்துப் பிழையைத் திருத்த இங்கே வந்தேன். மதியம் மெஸ்ஸுக்குப் போனேன். மாஸ்டருக்கு என்னைப் பார்த்ததில் ரொம்ப சந்தோஷம். "சாப்பிடுங்க தம்பி" என்று இலை போட்டார். பரிமாறும்போது கையைப் பார்த்தேன். அதே வாட்ச். கண்ணாடி மங்கி, டயலில் காவி நிறத்தில் திட்டுத் திட்டாக இருந்தது. முள் ஏழு இருபதில் நின்றிருந்தது.

"மாஸ்டர், இது ஓடலையா?" என்றேன்.

"நீங்க போயி அஞ்சு மாசத்திலே நின்னு போச்சு தம்பி" என்றார்.

"கடையில காட்டலையா?"

அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார். "பசங்க எல்லாம் காசு போட்டு வாங்கிக் குடுத்தது. நான்தான் ஏதோ தப்பாச் சாவி குடுத்துக் கெடுத்துட்டேன் போல. உங்க யாருக்காவது தெரிஞ்சா வருத்தப்படுவீங்களேன்னு யார்கிட்டயும் சொல்லலே. நீங்க கழட்ட வேண்டாம்னு சொன்னீங்க, அதனால கழட்டலே."

எனக்குச் சோறு இறங்கவில்லை. கெடுத்தது நான். பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு ஐந்து வருஷம் நின்றுபோன கடிகாரத்தைக் கட்டிக்கொண்டிருந்தவர் அவர். நாள் முழுக்க ஆவி, பெரிய அண்டாக்களை வெந்நீர் ஊற்றிக் கழுவுவது, எண்ணெய்ச் சட்டி, ஈரக் கையோடு தினமும் சாவி கொடுப்பது. அந்த வாட்ச் ஐந்து மாதம் தாங்கியதே பெரிது. "மாஸ்டர், தப்பு உங்களுது இல்லே, என்னுது" என்று அங்கேயே சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. நான் மரியாதைக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்.

அதை வாங்கிக்கொண்டு போய் மாமா முன்னால் வைத்துத் திறந்தேன். பின்மூடி ரப்பர் நசுங்கிப் பிளந்திருந்தது. துரு சாவித் தண்டில் ஆரம்பித்து உள்ளே பரவியிருந்தது. சாவித் தண்டு தொட்டதும் ஒடிந்தது. மாமா பூதக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "படிச்சவன் வாங்கின வாட்சாடா இது?" என்று மட்டும் கேட்டார். மிஷினைக் காப்பாற்ற முடியவில்லை. வேறு மிஷின் போட்டு, டயலைத் துடைத்து, கேஸ்கெட்டும் கண்ணாடியும் புதுசு மாற்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டுவந்து கொடுத்தேன். கூடவே ஒரு ஆணியும் கொண்டுவந்தேன். அடுப்பிலிருந்து தள்ளி, அவர் கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில், மெஸ் சுவரில் அடித்தேன். "மாஸ்டர், வேலை செய்யும்போது இதிலே மாட்டிடுங்க. மணி தெரியும், ஆவி படாது. வீட்டுக்குப் போகும்போது கட்டிக்குங்க" என்றேன். ஓய்வு பெறும் வரைக்கும் அப்படியே செய்தார். வாட்சும் ஓடியது.

இப்போது கேள்விக்கு வருகிறேன். கட்டிக்கொண்டு குளிக்கலாமா? நல்ல கேஸ்கெட் உள்ள, 100 மீட்டர், 200 மீட்டர் என்று போட்ட வாட்ச் பச்சைத் தண்ணீரில் குளித்தால் ஒன்றும் ஆகாது. டைவர்ஸ் வாட்சுக்கு ஐ.எஸ்.ஓ. 6425 என்று தனி விதியே இருக்கிறது, சோதனையும் கடுமை. வெந்நீர் என்றால் எந்த வாட்சானாலும் கழற்றி வையுங்கள் என்பேன். வெந்நீர் எண்ணெய்க் குளியல், இட்லிப் பானை, குக்கர், சலவைத் தொட்டி, சாயப் பட்டறை, வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் போகும் சௌனா, ஸ்டீம் ரூம், இதெல்லாம் வாட்சுக்கு ஆகாது. இப்போதைய ஸ்மார்ட் வாட்சுகளின் கையேட்டைப் படித்துப் பாருங்கள். நீச்சலுக்கு அனுமதி கொடுக்கிற பல கம்பெனிகள், சௌனாவுக்கும் ஸ்டீம் ரூமுக்கும் வேண்டாம் என்று எழுதியிருக்கும்.

பேட்டரி மாற்றுகிறபோது பின்மூடியைத் திறந்தாக வேண்டும். பழைய கேஸ்கெட்டையே வைத்து மூடிக் கொடுத்தால், முதுகில் என்ன எண் இருந்தாலும் அதற்கு மதிப்பில்லை. "கேஸ்கெட் மாத்தினீங்களா?" என்று கேளுங்கள். தண்ணீரில் இறங்குகிற வாட்ச் என்றால் காற்றழுத்தச் சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். கோபித்துக்கொள்கிற கடைக்காரரிடம் மறுபடி போகாதீர்கள். ஈரத்தில் இருக்கும்போது சாவியை இழுக்காதீர்கள். உள்ளே பனி கண்டால் வெயிலில் காயவைப்பது, ஹேர் டிரையர் பிடிப்பது, அரிசிக்குள் புதைப்பது எதுவும் வேண்டாம். சூடு காட்டினால் ஈரம் உள்ளேயே இடம் மாறும், அரிசியோ மூடிய வாட்சுக்குள் இருக்கிற ஈரத்தை எடுக்காது. அன்றைக்கே திறந்து பார்க்கக் கொடுங்கள். ஒரு நாளில் வந்தால் துடைத்துக் கொடுப்போம், ஒரு மாதம் கழித்து வந்தால் துருவைத்தான் காட்டுவோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே டாக்டர்கள், எஞ்சினியர்கள், ஆசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள். நாம் சொல்வதை ஒருவர் கேள்வி கேட்காமல் நம்புகிறார் என்றால், அவருடைய அடுப்பு எங்கே இருக்கிறது, கை எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நம் தப்பை அவர் சுமப்பார், நமக்குத் தெரியவும் தெரியாது. அன்று எனக்குச் சான்றிதழில் எழுத்துப் பிழை இருந்ததால்தான் தெரிந்தது.

மாஸ்டர் இன்று நம்மிடையே இல்லை. காலையில் பழைய மெஸ் கட்டடத்தைப் போய்ப் பார்த்தேன். ஸ்டோர் ரூம் ஆக்கி, வெள்ளை அடித்திருக்கிறார்கள். அந்த ஆணியைத் தேடினேன், கிடைக்கவில்லை. ஆகவே இன்று இரவு வீட்டுக்குப் போனதும், உங்கள் குளியலறைக்கு வெளியே ஓர் ஆணி அடியுங்கள்.  ரிப்பேருக்கு வாட்ச் கொண்டுவந்திருக்கும் நண்பர்கள் தேநீர் இடைவேளையில் கொடுக்கலாம். எப்போ ரெடியாகும் என்று மட்டும் கேட்காதீர்கள்.